கற்பனை ஆட்டத்தில் மதுவும் நஞ்சும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. நஞ்சு என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு பொருள் உடலினுள் எவ்வளவு சென்றது, எவ்வளவு நேரம் தங்கியது என்னும் இரண்டையும் பொறுத்து அமையும் ஒரு நிலை என்பதே அவ்வாக்கின் உட்பொருள். அளவு, காலம் என்னும் இவ்விரண்டையும் பற்றிச் சிந்திப்பதற்கு இன்று ஒரு விளையாட்டைத் துணையாகக் கொள்ள எண்ணுகிறேன். மந்திரமும் மாயமும் நிறைந்த கற்பனை விளையாட்டு அது. அதன் விதிகளிலே மதுவுக்கு எந்த இடம், நஞ்சுக்கு எந்த இடம், மந்திரம் அவ்விரண்டையும் எவ்வாறு ஆள்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. மக்கள் எதனை அஞ்சுகின்றனர், எதனை இன்பமென்று ஏற்கின்றனர் என்பதை அவர்களுடைய சட்டப் புத்தகங்களைவிட விளையாட்டு விதிகள் சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடும். அன்றியும், நம் பிள்ளைகளுள் சிலர் இத்தகைய ஆட்டங்களைக் கணினியிலும் மேசையைச் சுற்றி அமர்ந்தும் ஆடுகின்றனர். பிள்ளைகள் எதனை ஆடுகின்றனர் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

முதற்கண் இவ்விளையாட்டு யாதென்று கூறவேண்டும். வேடம் ஏற்று ஆடும் ஆட்டம் என்று இதனை அழைக்கலாம். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் ஆட்ட நடுவராவார். ஏனையோர் ஒவ்வொருவரும் கதையில் வரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் தெய்வ அருளால் நோய் தீர்க்கும் குரு. நடுவர் கதையைச் சொல்லிச் செல்வார்: “இருண்ட குகை ஒன்று எதிர்ப்படுகின்றது, உள்ளே சீறும் ஒலி கேட்கின்றது, என்ன செய்வீர்கள்?” என்பார். ஆடுவோர் தத்தம் பாத்திரம் செய்வதை வாயாலே சொல்வர். முயற்சி பலித்ததா, பொய்த்ததா என்பதைப் பகடை தீர்த்து வைக்கும். நம் கூத்தும் தாயக்கட்டையும் ஒன்று கலந்தாற்போன்ற ஆட்டம் இது என்றால் நேயர்களுக்கு எளிதில் விளங்கும்.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாயாக விளங்குவது 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே வெளியான ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிறு நகரில் வாழ்ந்த கெரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னெசன் என்பவரும் இதனை இயற்றினர். மூன்று சிறு நூல்களாகத் தொடங்கிய இதன் விதிகள் பிற்காலத்தில் பல பதிப்புகளாக விரிந்து பெருகின. அப்பதிப்புகளை வரிசையாக வைத்து நோக்கின், நஞ்சைப் பற்றிய எண்ணம் மெல்ல மெல்ல மாறி வந்த வரலாறு புலனாகும்.

தொடக்கத்தில் நஞ்சு என்பது மரணத்தின் மறுபெயராகவே இருந்தது. பாத்திரம் ஒன்றுக்குப் பேராபத்து நேரும்போது, அதிலிருந்து தப்பும் பொருட்டு இருபது முகங்கொண்ட பகடை ஒன்றை எறியவேண்டும். இதனைக் காப்பு வீச்சு என்று கூறுவோம். குறித்த எண்ணோ அதற்கு மேற்பட்ட எண்ணோ விழுந்தால் பிழைத்தார், குறைந்தால் கெட்டார். 1974ஆம் ஆண்டின் விதிநூல் ஆபத்துகளை ஐந்து வகையாகப் பிரித்தபோது, பட்டவுடன் கொல்லும் மாயக்கதிரையும் நஞ்சையும் ஒரே வகையிலே சேர்த்து வைத்தது. பாம்போ சிலந்தியோ தீண்டியது, வீச்சுத் தவறியது என்றால், பெரும்பாலும் அத்துடன் அப்பாத்திரத்தின் கதை முடிந்தது. பல மாதங்களாக வளர்த்த பாத்திரமும் ஒரே வீச்சில் மாண்டு போகும். ஆடுவோர் நஞ்சுக்கு அஞ்சியதில் வியப்பில்லை.

ஆயினும் எல்லா நஞ்சும் ஒன்றாகாது என்பதை விதி செய்தோர் விரைவில் உணர்ந்தனர். 1977இல் வெளிவந்த விலங்கு நூலிலே பெரும் பூரான் ஒன்று வருகின்றது. நம்மவர் மட்டத்தேள் என்பார்களே, அதனைப் பெருக்கிய வடிவம் அது. அதன் நஞ்சு வலிமை குன்றியது. ஆகவே கடியுண்டவர் பகடையில் விழுந்த எண்ணோடு 4ஐக் கூட்டிக்கொள்ளலாம் என்றது விதி. 1979இல் வெளிவந்த நடுவர் கையேடு இன்னும் ஒருபடி முன்னே சென்று, உண்ணும் நஞ்சு, குருதியிற் கலக்கும் நஞ்சு எனப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரங்கழித்து வேலை செய்யத் தொடங்கும் என்பதையும் எழுதி வைத்தது. அளவும் காலமும் விதிக்குள் நுழைந்த இடம் இதுவே.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு, நஞ்சு உடலுக்குள் புகும் வழிகளை நான்காக வகுத்தது: தோலிற் படுவது, உண்பது, மூச்சோடு செல்வது, காயத்தின் வழியாகப் புகுவது. நஞ்சு புகுந்தவுடன் ஒரு காப்பு வீச்சு. ஒரு நிமிடங்கழித்து மற்றொன்று. முதலிலே தப்பியவரும் அடுத்ததில் அகப்படலாம். நஞ்சு உடனே உயிரைக் குடிப்பதற்குப் பதிலாக வலிமையையோ சுறுசுறுப்பையோ அறிவையோ சிறிது சிறிதாக அரித்தது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு, ‘நஞ்சுற்ற நிலை’ என்று ஒரு நிலையை வகுத்தது. அந்நிலையில் உள்ளவர் தாக்கும்போதும் திறமை வேண்டும் வேறு செயல் செய்யும்போதும் பகடையை இருமுறை எறிந்து குறைந்த எண்ணையே கொள்ளவேண்டும். கை தடுமாறும், கண் மங்கும் என்பதையே பகடை மொழியிற் சொல்லியபடி.

அதே ஆண்டின் நடுவர் நூலில் விந்தையான நஞ்சொன்று உண்டு. ‘நள்ளிரவுக் கண்ணீர்’ என்பது அதன் பெயர். பகலில் உண்டவர்க்கு ஒன்றும் நேராது. உண்பார், உறவாடுவார், சிரிப்பார். நள்ளிரவு மணி அடிக்கும்வரை அது உடலினுள் உறங்கிக் கிடக்கும். அதற்குள் முறிக்கப்படாவிட்டால் விழித்துக்கொண்டு தாக்கும். நஞ்சின் கொடுமை அதன் கடுமையில் மட்டுமன்று, அது காத்திருக்கும் காலத்திலும் உண்டு என்பதை இக்கற்பனை நன்கு காட்டுகின்றது.

இனி நஞ்சை எதிர்க்கும் மந்திரங்களை நோக்குவோம். இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கண்டறியும் மந்திரம். ஓதியவர் தம்மைச் சூழ 30 அடி தூரத்துள் நஞ்சு எங்கிருக்கின்றதென உணர்வார். இரண்டாவது, பொருளைத் தூய்மையாக்கும் மந்திரம். நஞ்சு கலந்த உணவையும் நீரையும் இது உண்ணத் தக்கதாக மாற்றும். மூன்றாவது, உடலிற் புகுந்த நஞ்சைத் தாமதிக்கவோ முற்றாக முறிக்கவோ வல்ல மந்திரம். 1978ஆம் ஆண்டின் விதிப்படி, நஞ்சினால் இறந்தார் போலக் கிடப்பவரையும், ஓதுபவரின் தேர்ச்சிக்கேற்ற கால எல்லைக்குள் தாமத மந்திரத்தை ஓதினால் மீட்கலாம். நான்காவது, நஞ்சு அணுகாமற் காக்கும் இயல்பு. மலைக்குகைகளில் வாழும் குள்ளர் இனத்தார்க்கு இது பிறவிக்குணம். 1978ஆம் ஆண்டின் கையேட்டில், உடலுறுதி 14 உடைய குள்ளர் நஞ்சுக்கெதிரான வீச்சில் 4ஐக் கூட்டிக்கொள்ளலாம். துறவியர்க்கு இது பயிற்சியால் வருவது; 2014ஆம் ஆண்டின் விதிப்படி பத்தாம் நிலையை எட்டிய துறவியை எந்த நஞ்சும் எந்த நோயும் தீண்டா.

இந்நான்கையும் மனத்திற் கொண்டு இப்போது மதுச்சாலைக்குள் நுழைவோம். இவ்வாட்டத்தின் கதைகள் பெரும்பாலும் தொடங்கும் இடம் அதுவே. வீரர்கள் கூடுவதும், செய்தி அறிவதும், வேலைக்கு அமர்த்தப்படுவதும் அங்கேதான். 2014ஆம் ஆண்டின் விலைப்பட்டியலிலே ஒரு குவளை மது நான்கு செப்புக்காசு. அதே பட்டியலில் சாதாரண நஞ்சு ஒரு சிறு குப்பி நூறு பொற்காசு. ஒரு பொற்காசு நூறு செப்புக்காசுக்குச் சமம் என்பதால், ஒரு குப்பி நஞ்சின் விலைக்கு 2,500 குவளை மது வாங்கலாம். நஞ்சு அரிய பொருள். மது யார்க்கும் எளிய பொருள் என்பது இதனாற் பெறப்படும்.

நஞ்சுக்கு இத்துணை விரிவாக விதி செய்தவர்கள் மதுவுக்கு என்ன செய்தார்கள்? 1979ஆம் ஆண்டின் கையேட்டில் வெறியேறிய நிலைக்கு ஓர் அட்டவணை இருந்தது. சிறிய வெறி, நடுத்தர வெறி, பெரிய வெறி என மூன்று படிகள். படி ஏறுந்தோறும் துணிவு மிகும். அறிவும் விவேகமும் குறையும். மதுவின் இயல்பை அறிந்தவர் ஒருவர் எழுதிய அட்டவணை என்பதில் ஐயமில்லை. துணிவு ஏறவும் விவேகம் இறங்கவும் காண்பதைவிட ஆபத்தான சேர்க்கை வேறேது? ஆயின், 2014ஆம் ஆண்டின் அடிப்படை விதிநூலிலே மதுவின் விலை உண்டு. மதுவின் விளைவுக்கெனத் தனிவிதி இல்லை. ஒருவர் பத்துக் குவளை குடித்தால் அவர்க்கு என்ன நேரும் என்பதை நடுவரே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. நடுவர் பலர் கைக்கெட்டிய விதியாகிய ‘நஞ்சுற்ற நிலை’யையே குடிகாரர்க்கும் கொடுத்தனர். அங்கேதான் வழக்குப் பிறக்கின்றது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். மதுச்சாலையில் வாள்வீரர் அளவின்றிக் குடித்துவிட்டார். அவ்வேளையிலே பகைவர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகின்றனர். வீரரால் நிற்கவும் இயலவில்லை. குருவாக ஆடுபவர் எழுந்து, “நஞ்சை நீக்கும் மந்திரத்தை ஓதுகிறேன், இவர் தெளிவு பெறட்டும்,” என்கின்றார். நடுவர் என்ன விடை கூறுவார்?

மது நஞ்சே என்று நடுவர் தீர்த்தாரானால், வீரர் அக்கணமே தெளிந்து வாளெடுப்பார். குரு மகிழ்வார். ஆனால் தீர்ப்பு அத்துடன் நில்லாது. மது நஞ்சென்றால், குள்ளர் இனத்தவர் எளிதில் வெறிகொள்ளமாட்டார். அவ்வினத்தார் குடியிலே பெருவிருப்பினர் என்பது அக்கதைகளின் மரபு. அவர் பெரிதும் விரும்பும் பொருளே அவரிடம் பலிக்காமற் போய்விடும். பத்தாம் நிலைத் துறவி பீப்பாய் முழுவதையும் பருகினாலும் அவர்க்கு அது வெறும் நீரே. கண்டறியும் மந்திரத்தை மதுச்சாலையிலே ஓதினால், நஞ்சிட்ட குவளை எதுவெனத் தெரியாது. அங்குள்ள ஒவ்வொரு குவளையும் நஞ்சென்றே அறிவிக்கும். தூய்மையாக்கும் மந்திரம் திராட்சை மதுவைச் சாறாக்கிவிடும். 1974இல் இம்மந்திரத்தின் பெயர் ‘உணவையும் நீரையும் தூய்மை செய்தல்’ என்றிருந்தது. 1978இல் அது ‘உணவையும் பானத்தையும் தூய்மை செய்தல்’ என மாறியது. நீர் பானமாகியதும் மதுவும் அதற்குள் அடங்கிவிட்டது; வழக்கும் வலுத்தது.

மது நஞ்சன்று என்று தீர்த்தாலோ? குள்ளர் மகிழ்வர், மதுச்சாலைக்காரரும் மகிழ்வர். ஆனால் போட்டிக்குக் குடித்து மூச்சுத் திணறி வீழ்ந்தவரைப் பார்த்து, ‘இது நஞ்சன்று, என் மந்திரம் உதவாது’ என்று குரு கைகட்டி நிற்கவேண்டியிருக்கும். உயிரைக் கொல்லும் ஒன்று நஞ்சன்று எனச் சொல்வதை எவர் ஏற்பார்?

மூன்றாவது வழியொன்று உண்டு. ‘பாத்பைன்டர்’ என்னும் உறவு ஆட்டத்தின் நடுவர் கையேடு 2010இல் அதனைக் கூறியது. ஒருவருடைய உடலுறுதிக்கு உரிய கூட்டெண்ணை இரட்டித்து, ஒன்றைக் கூட்டினால் வரும் தொகையளவு குவளைகளை அவர் தீங்கின்றிப் பருகலாம். கூட்டெண் 2 ஆயின் ஐந்து குவளை. அதற்குமேல் ஒவ்வொரு குவளைக்கும் ஒரு மணி நேரம் உடல்நலக் குறைவு. நாள்தோறும் மிகையாகக் குடிப்பவர் நாளடைவில் அதற்கு அடிமையாகலாம் என்பதையும் அந்நூல் சேர்த்துரைத்தது. மது நஞ்சா அன்றா என்று பெயர் சூட்டும் வழக்கை விட்டு, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று கேட்ட விதி இது. நம் பழமொழிக்கு மிக அணித்தான விதியும் இதுவே.

இவ்வழக்கு அந்த மேசைக்கு மட்டும் உரியதன்று. பாற்கடல் கடைந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஆலகால நஞ்சு தோன்றியது, அமிர்தம் தோன்றியது, மதுவுக்குரிய தெய்வமாகிய வாருணியும் தோன்றினாள். மூன்றும் ஒரே கடலில் எழுந்தன. ஆயினும் மது வேறு, நஞ்சு வேறு என்றே அங்கு வைக்கப்பட்டன. வள்ளுவரோ ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்திலே கள்ளுண்பாரை எக்காலத்தும் நஞ்சுண்பாராகவே கருதினார். புராணம் ஒரு பக்கம், குறள் ஒரு பக்கம் நின்றதாகவே தோன்றும் இவ்வழக்கை, மேலைநாட்டு மருத்துவர் ஒருவர் வேறொரு முகமாக அணுகினார். சுவிற்சலாந்திற் பிறந்த பராசெல்சஸ் என்பவர் 1538இல் எழுதியபோது, எல்லாப் பொருளும் நஞ்சே, நஞ்சில்லாப் பொருளில்லை, ஒன்றை நஞ்சல்லாததாக ஆக்குவது அதன் அளவு மட்டுமே என்னும் கருத்தை நிலைநாட்டினார்.

இன்றைய விஞ்ஞானம் மதுவைப்பற்றி என்ன கூறுகின்றது? மதுவிலுள்ள அற்ககோல் எதனோல் எனப்படும். குடித்த மதுவின் பெரும்பகுதியை அழிக்கும் பணி ஈரலுக்கு உரியது. ஈரலிலுள்ள நொதியம் ஒன்று எதனோலை அசற்றல்டிகைட்டு என்னும் பொருளாக மாற்றும். அது எதனோலிலும் கொடியது. மற்றொரு நொதியம் அதனைத் தீங்கற்ற பொருளாக மாற்றும். இப்பணியின் வேகம் ஏறக்குறைய மாறாதது. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டெனினும், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற அளவிலேயே எதனோல் குறையும். 150 மில்லிகிராம் வரை ஏறியவர்க்கு அது முற்றாக இறங்கப் பத்து மணி நேரமாகும். கோப்பி குடிப்பதோ, தலையிலே தண்ணீர் ஊற்றுவதோ, தேசிக்காய்ச் சாறு பருகுவதோ அவ்வேகத்தை ஒரு சிறிதும் கூட்டா. விழிப்புற்றவர் போலத் தோன்றலாம். இரத்தத்திலுள்ள மது குறைவதில்லை. எதனோலை ஒரு கணத்தில் அகற்றும் மந்திரம் விளையாட்டில் உண்டு. வீட்டிலே எவர் கையிலும் அத்தகைய மருந்து இல்லை.

இன்னும் ஒன்று. சாராயத்தில் எதனோலுக்குப் பதிலாக மெதனோல் கலந்துவிட்டால், அதே ஈரல் நொதியமே அதனையும் பற்றிக்கொள்ளும். ஆனால் அங்கே விளைவது போமிக் அமிலம். அது கண்ணின் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். மெதனோல் உண்டவர் முதற்சில மணி நேரம் சாதாரணமாக வெறிகொண்டவர் போலவே இருப்பார். கேடு பின்னரே வெளிப்படும். விளையாட்டில் வரும் நள்ளிரவுக் கண்ணீர் வெறுங்கற்பனையன்று போலும்! வியப்பு யாதெனின், இதற்கு மருத்துவமனையில் கொடுக்கப்படும் முறிவுகளுள் ஒன்று எதனோலேயாகும். நொதியம் எதனோலையே முதலிற் பற்றும். அவ்வேளையில் மெதனோல் மாற்றமுறாமல் உடலைவிட்டு நீங்கும். எதனோல் ஒருவர்க்கு நஞ்சு. மற்றொருவர்க்கு அதுவே மருந்து. இதனைக் கேட்டு எவரும் வீட்டிலே முயலவேண்டாம். இரத்தத்தை அளந்து அளந்து மருத்துவர் மட்டுமே செய்யத் தக்கது இது.

இப்போது விளையாட்டுக்கு மீள்வோம். கற்பனை ஆட்டத்தின் மந்திரம் உண்மையில் எதனை வெல்கின்றது? நஞ்சை அன்று, அளவையும் காலத்தையுமே வெல்கின்றது. ஒரு துளி நஞ்சாயினும் ஒரு குடம் நஞ்சாயினும் ஒரே மந்திரம் நீக்கிவிடும். பத்து மணி நேரம் ஈரல் செய்யவேண்டிய வேலையை ஒரு சொல் முடித்துவிடும். மந்திரத்தின் இன்பம் இதுவே. அதன் பொய்யும் இதுவே. நஞ்சை நஞ்சாக்கும் இரண்டையும் மந்திரம் அழித்துவிடுவதாற்றான், மது நஞ்சா அன்றா என்னும் கேள்விக்கு அங்கே விடை கிடைப்பதில்லை. அளவைக் கேளாமல் அக்கேள்விக்கு விடை கூற எவராலும் இயலாது.

ஆகவே, நல்ல நடுவர் என்ன செய்தல் வேண்டும்? முதலாவது, தீர்ப்பை ஆட்டம் தொடங்குமுன்னரே கூறிவிடவேண்டும். வீரர் வீழ்ந்தபின் விதி செய்வது முறையன்று. இரண்டாவது, தீர்ப்பு எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். குருவின் மந்திரத்துக்கு மது நஞ்சாகவும், குள்ளரின் குடிக்கு மது நஞ்சல்லாததாகவும் இருத்தல் கூடாது. நீதியின் முதற்பாடம் இதுவன்றோ? மூன்றாவது, மந்திரம் வெறியை நீக்கட்டும். வெறியில் செய்த செயலை நீக்கலாகாது. குடித்தவேளை வாய் தவறிச் சொன்ன இரகசியம் சொன்னதே. உடைத்த நட்பு உடைந்ததே. இவ்விதியைக் கொண்ட ஆட்டத்திலே குடிக்கு ஒரு பொருள் உண்டு. மந்திரத்துக்கும் ஒரு பொருள் உண்டு. கதையும் சுவைக்கும்.

இவ்வாறு ஆடும் பிள்ளை தீய பழக்கம் கற்கின்றான் என்று நான் கருதவில்லை. விதியை வகுக்கவும், அதன் விளைவுகளைத் தொடர்ந்து சென்று காணவும், தனக்குப் பாதகமான இடத்திலும் அதனை ஏற்கவும் அவன் பழகுகின்றான். வகுப்பறையில் நாம் கற்பிக்க முயல்வதும் அதுவே. ஆனால் அவன் மேசையை விட்டு எழும்போது ஒன்றைமட்டும் அங்கேயே விட்டுவரல் வேண்டும். பக்கத்தில் குரு இருக்கின்றார், எவ்வளவு சென்றாலும் நீக்கிவிடுவார் என்னும் எண்ணமே அது.

ஏனெனில், இவ்வெண்ணம் மேசைக்கு வெளியே உயிரைக் கொள்ளும். குடித்து உணர்விழந்த ஒருவரைக் கண்டால், ‘தூங்கி எழுந்தாற் சரியாகிவிடும்’ என்று பாயில் கிடத்திவிட்டுச் செல்வோர் உளர். குடிப்பதை நிறுத்திய பின்பும் வயிற்றிலுள்ள மது இரத்தத்திற் சேர்ந்துகொண்டே இருக்கும். உறங்குபவரின் நிலை மேலும் மோசமாகலாம். மூச்சு மந்தப்படலாம், வாந்தி தொண்டையை அடைக்கலாம். எழுப்பியும் எழாதவர், மூச்சு மிக மெதுவாக விடுபவர், உடல் குளிர்ந்தவர், பார்வை மங்குகின்றது என்பவர் ஆகியோரை ஒருபோதும் தனியே விடலாகாது. ஒருக்களித்துக் கிடத்தி, 1990 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொண்டு நோயாளர் காவு வண்டியை வரவழைத்தல் வேண்டும். திட்டு விழும் என்று அஞ்சி நண்பனை மறைத்து வைக்கும் இளைஞர்க்கு இதனை அழுத்திக் கூறுகிறேன். திட்டு ஒரு நாளில் ஆறும்; உயிர் மீளாது.

நேயர்களே, விளையாட்டிலே நஞ்சுண்டவர்க்கு இருபது முகப் பகடை ஒன்று உண்டு. வாழ்க்கையிலே அது நம் கையில் இல்லை. அளவறிந்து விலகும் அறிவும், காலமறிந்து உதவிக்கு விரையும் கால்களுமே நமக்கு உள்ளன. கற்பனை உலகத்துக் குருமாருக்கு வேண்டியதில்லாத இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுத்தல் வேண்டும்.